சசூன் டாக்கில் ஈரப் பலகையும் ஒரு சிபிஎல்லும்

மும்பையின் மீன்பிடித் துறையான சசூன் டாக்கில் படம் எடுக்கப் போய் மூன்று காலை வீண். நாலாவது நாள்தான் உரிந்த நீல பெயின்ட், அதற்கடியில் பழைய பச்சை, அதற்கும் அடியில் மரத்தின் ரேகை என்று அடுக்கடுக்காகத் தெரியும் ஒரு படகுப் பலகை சிக்கியது. அதுவரை எல்லாவற்றிலும் ஈரத்தின் வெள்ளைப் பளபளப்புதான். இத்தனைக்கும் பிரதிபலிப்பை அடக்கும் சிபிஎல் (சர்க்குலர் போலரைசர்) ஃபில்டர் லென்ஸில்தான் இருந்தது.

தொல்லை, கேமராவோடு வரும் கிட் லென்ஸின் மூக்கில். பழைய 18-55 மிமீ லென்ஸ் பலவற்றில் ஃபோகஸ் ஆகும்போது முன்வளையமும் சேர்ந்து சுற்றும். ஃபில்டரைத் திருகிப் பளபளப்பை அடக்கிவிட்டு ஷட்டரை அரை அழுத்து அழுத்தினால், ஃபோகஸ் தேடுகிற தேடலில் ஃபில்டரும் நகர்ந்துவிடும். அதனால் முதலில் ஃபோகஸ், உடனே ஸ்விட்சை எம்எஃப்-க்கு (கையால் ஃபோகஸ்) தள்ளணும், கடைசியில்தான் ஃபில்டர். புதிய எஸ்டிஎம் மோட்டார் லென்ஸ் ரகத்தில் மூக்கு சுற்றாது. அதை வைத்திருப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

அடுத்த சிக்கல் கோணம். பலகைக்கு நேர் எதிரே நின்றால் சிபிஎல் வெறும் கறுப்புக் கண்ணாடி. ஒன்றரை, இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) வெளிச்சத்தைத் தின்பதோடு சரி. பலகைப் பரப்புக்கு ஏறக்குறைய 35 டிகிரியில் சாய்ந்து பார்த்தால்தான் தண்ணீர், பெயின்ட் இரண்டின் பிரதிபலிப்பும் அடங்கும். ஆனால் சாய்ந்தால் பலகையின் மறுமுனை மங்குகிறது. லென்ஸ் துளை எஃப்/8 போதவில்லை, இன்னும் சுருக்கி எஃப்/11 பரவாயில்லை. எஃப்/16-க்குப் போனால் ஏபிஎஸ்-சி என்ற சிறிய ரக சென்சாரில் விளிம்பெல்லாம் குழைந்துவிடும். கிட்ட ஒன்று, தள்ளி ஒன்று என்று இரண்டு ஃபோகஸில் எடுத்து ஒட்டுவது மேல், கரையில் கிடக்கும் பொருளாக இருந்தால். கட்டிய படகு ஆடிக்கொண்டே இருக்கும். அங்கே ட்ரைபாட் இருந்தாலும் ஷட்டர் வேகம் 1/125 நொடிக்குக் கீழே இறங்கக்கூடாது, ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொள்ளலாம்.

கயிறு சுற்றும் வின்ச், நங்கூரம் இரண்டிலும் இன்னொரு வேடிக்கை. துரு அடங்கும், பெயின்ட் அடங்கும், கயிறு உரசித் தேய்ந்த வெறும் இரும்பின் மினுக்கு மட்டும் அடங்காது. உலோகப் பிரதிபலிப்பில் சிபிஎல்லின் பாச்சா பலிக்காது. அந்த இடத்துக்கு நிழல்தான் மருந்து, ஒரு கறுப்புக் குடையைப் பிடித்தால் போதும்.

துருவுக்கு, கேமராவே நிறத்தைச் சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் வேண்டாம், ஆரஞ்சை வெளுக்கடித்துவிடும். 5200 கெல்வினில் நிறுத்தி, ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமில் (நிறவாரியாக வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) சிவப்பை மட்டும் கவனித்தால் போதும். மொத்த ஹிஸ்டோகிராம் சாதுவாக நிற்கும்போதே சிவப்பு முட்டிக்கொண்டிருக்கும். எக்ஸ்போஷரை மைனஸ் 2/3 ஸ்டாப் குறைத்தால் சரியாக வந்தது.

சசூன் டாக் 1875-ல் கட்டியது, கொலாபாவின் கிழக்குக் கரை. காலை வெயில் துறைமுகக் கடல் பக்கமிருந்து தாழ்வாக வரும்; மேடுபள்ளம் தெரிய அதுதான் வேண்டும், எட்டரைக்கு மேல் தட்டையாகிவிடும். மாட்டுங்காவிலிருந்து முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடித்து சிஎஸ்எம்டியில் இறங்கினால் சரியாக இருக்கும். அனுமதி கேட்காமல் கேமராவைத் தூக்காதீர்கள். கூடையோடு வரும் மௌஷிகளின் (மீன்காரப் பெண்கள்) வழியில் ட்ரைபாடை விரித்தால் மராத்தியில் வசவு விழும், நியாயமான வசவு. திரும்பியதும் ட்ரைபாட் கால்களைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசணும், இல்லாவிட்டால் அடுத்த துருப் படம் அதையே எடுக்கலாம்.

ஃபில்டர் வாங்க, கேமரா கடைகள் உள்ள போரா பஜார் போகிறவர்களுக்கு: கடையின் பில் கம்ப்யூட்டர் எல்சிடி திரையாக இருந்தால் அதன்முன் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். முன்பக்கம் திரையைப் பார்த்திருந்தால் இருட்டணும். மரைப்பக்கம் பார்த்திருந்தால் இருட்டக்கூடாது. இரண்டு பக்கமும் இருட்டினால் அது பழைய லீனியர் ரக போலரைசர், டிஎஸ்எல்ஆரின் ஃபோகஸைக் குழப்பும்.

இந்தப் பலகைகளையே இன்னும் முடிக்கவில்லை, மனசு ஜூனுக்குப் போய்விட்டது. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் மீன்பிடித் தடை. படகுகள் கரையேறி நிற்கும், அடிப்பலகையில் ஒட்டிய கொட்டலசு ஆடாமல் அசையாமல் கிடைக்கும். அதற்கு இருபது ஃப்ரேமாவது அடுக்கணும், கேமராவை நூலிழையாக நகர்த்தும் மேக்ரோ ரெயில் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். மழைக்குக் குடையைப் பிடிக்க ஆளும்.