விட்டு விட்டு எரியும் பிரேக் விளக்கு

காரின் பிரேக் எச்சரிக்கை விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால் காரணத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். எரிந்து, அணைந்து, பிறகு எப்போதோ ஒரு திருப்பத்தில் மறுபடி எரியும் விளக்குதான் நம்மை அலைக்கழிக்கும். ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினால் அங்கே அது எரியவே எரியாது. அதனால் இந்தக் கோளாறைப் பொறுத்தவரை, எந்தக் கருவியையும் கையில் எடுப்பதற்கு முன்னால், விளக்கு எந்தச் சந்தர்ப்பத்தில் எரிகிறது என்பதைக் காரை ஓட்டுகிறவரே கவனித்து எழுதி வைப்பதுதான் முதல் வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்களுடையது முன்சக்கரங்களில் டிஸ்க் (தட்டு) பிரேக்கும் பின்சக்கரங்களில் டிரம் (உருளை) பிரேக்கும் உள்ள பழைய ஹேட்ச்பேக். வால்பாறையிலிருந்து ஆழியாறு நோக்கி இறங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், பிரேக்கைச் சற்று அழுத்தமாக மிதிக்கும்போதெல்லாம், வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட அந்தச் சிவப்பு விளக்கு ஓரிரு விநாடி எரிந்து அணைந்தது. பிரேக் நன்றாகவே பிடித்தது. பெடலும் வழக்கமான உயரத்தில் கெட்டியாக நின்றது. சமவெளிக்கு வந்த பிறகு, வேகமாகப் போய் பிரேக் போட்டால் மட்டும் எப்போதாவது எரிந்தது. மேடு ஏறும்போது ஒருமுறைகூட எரியவில்லை. பெடல் தொய்வாக இருந்திருந்தாலோ, வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியிருந்தாலோ காரை அங்கேயே ஓரங்கட்டியிருப்பேன். அந்த நிலையில் ஆராய்ச்சிக்கு இடமில்லை, காரை இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

பெரும்பாலான கார்களில் இந்த ஒரு விளக்கைக் குறைந்தது இரண்டு சுவிட்சுகள் பகிர்ந்துகொள்கின்றன. சாவியைத் திருப்பியதும் விளக்கின் ஒரு முனைக்கு மின்சாரம் வந்துவிடும். மறுமுனையை எது எர்த்தோடு (காரின் உலோக உடலோடு) இணைத்தாலும் விளக்கு எரியும். ஹேண்ட்பிரேக் லீவரின் அடியில் இருக்கும் சிறு சுவிட்ச் ஒன்று. பிரேக் ஆயில் டப்பாவுக்குள் மிதவையும் காந்தமுமாக இருக்கும் ஆயில் மட்ட சுவிட்ச் இன்னொன்று. ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள கார்களில், முன்பின் சக்கரங்களுக்கு பிரேக் விசையைப் பங்கிடும் பகுதியில் பழுது வந்தாலும் இதே சிவப்பு விளக்கு எரியும். ஆனால் அப்போது மஞ்சள் நிற ஏபிஎஸ் விளக்கும் கூடவே எரியும். எங்கள் காரில் மஞ்சள் விளக்கு எரியவில்லை என்பதால் அந்தப் பக்கம் நான் போகவில்லை.

ஹேண்ட்பிரேக் சுவிட்சை விலக்குவது எளிது. லீவர் முழுதாகக் கீழே இறங்காமல் நூலிழை மேலே நின்றாலும், சுவிட்சின் முனையில் அழுக்கு சேர்ந்தாலும், அதைத் தாங்கும் தகடு வளைந்திருந்தாலும், குண்டும் குழியுமான சாலையில் விளக்கு கண்சிமிட்டும். லீவரைக் கையால் கீழ்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டு (கூட வருகிறவர் இதைச் செய்ய வேண்டும், ஓட்டுகிறவர் அல்ல) அதே சாலையில் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். சந்தேகம் தீரவில்லை என்றால் அந்தச் சுவிட்சுக்கு வரும் ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். நான் கழற்றிய பிறகும் விளக்கு எரிந்தது.

எழுதி வைத்த குறிப்பும் மிதவையைத்தான் காட்டியது. பிரேக் போடும்போது டப்பாவிலுள்ள ஆயில் முன்பக்கம் பாய்கிறது. இறக்கத்தில் காரே முன்னால் சாய்ந்திருப்பதால் அது இன்னும் அதிகமாகப் பாய்கிறது. ஆயில் மட்டம் குறைந்தபட்சக் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்து, மிதவை டப்பாவின் பின்பகுதியில் இருந்தால், அந்த ஓரிரு விநாடிக்கு மிதவை கீழே இறங்கி சுவிட்சை மூடிவிடும். பானட்டைத் திறந்து சமதரையில் பார்த்தபோது ஆயில், குறைந்தபட்சக் கோட்டுக்கு ஒரு விரல் அகலம்கூட மேலே இல்லை.

இந்த இடத்தில்தான் பலரும் ஒரு பாட்டில் பிரேக் ஆயிலை வாங்கி ஊற்றி, விளக்கு அணைந்ததும் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். நான் விசாரித்த ஒரு மெக்கானிக், "சென்சார் தொந்தரவுதான் சார், சாக்கெட்டைக் கழற்றிவிட்டால் எரியாது" என்றார். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. பிரேக் ஆயில் என்ஜின் ஆயிலைப் போல ஓட்டத்தில் செலவாகும் பொருள் அல்ல. அடைத்த அமைப்புக்குள் இருப்பது. மட்டம் குறைந்தால் ஆயில் ஏதோ ஓர் இடத்துக்குப் போயிருக்கிறது என்று பொருள், அந்த இடம் எது என்று தெரிந்தே ஆக வேண்டும்.

நியாயமாகப் போகக்கூடிய இடம் ஒன்று உண்டு. டிஸ்க்கை இரு பக்கமும் கவ்வும் பிரேக் பேட் தேயத் தேய, பேட்களை அழுத்தும் பகுதியான காலிப்பரின் பிஸ்டன் வெளியே நகர்ந்து, காலியான இடத்தை ஆயில் நிரப்புகிறது. இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிஸ்டனின் விட்டம் 54 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அது ஒரு மில்லிமீட்டர் நகர ஏறக்குறைய 2.3 மில்லிலிட்டர் ஆயில் வேண்டும். உள்பேட், வெளிபேட் இரண்டும் ஒவ்வொரு மில்லிமீட்டர் தேய்ந்தால் பிஸ்டன் இரண்டு மில்லிமீட்டர் நகரும். முன்சக்கரங்கள் இரண்டுக்குமாகச் சேர்த்து 9 மில்லிலிட்டருக்குச் சற்று மேல் வரும். ஆக, 10 மில்லிமீட்டர் கனமுள்ள புது பேட் 4 மில்லிமீட்டராகத் தேய்வதற்குள் டப்பாவிலிருந்து 55 மில்லிலிட்டர் இறங்கிவிடும். இதில் கசிவு எதுவும் இல்லை. பேட் மாற்றும் காலம் நெருங்கிவிட்டது என்று விளக்கு சொல்கிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் ஆயிலை மேல்கோடு வரை ஊற்றி வைத்தால், புது பேட் போடுவதற்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது டப்பா நிரம்பி வழியும். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். சிந்தினால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

எங்கள் காரில் இந்தக் கணக்குத்தான் பொருந்தவில்லை. முந்தைய சர்வீஸில் ஆயில் மேல்கோடு வரை இருந்ததாகச் சர்வீஸ் தாளில் குறிப்பு இருந்தது. பேட்களைக் கழற்றி அளந்தபோது, அதே தாளில் எழுதியிருந்த அளவிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே தேய்ந்திருந்தன. அந்தத் தேய்மானம் 9 மில்லிலிட்டருக்குக்கூடக் கணக்குக் காட்டாது. டப்பாவில் குறைந்திருந்ததோ அதைப்போலப் பல மடங்கு. ஆகவே இது கசிவு.

கசிவைத் தேடும்போது தரையில் சொட்டு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. பெடலை மிதிக்கும்போது ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் கசிந்தால், ஆயில் அதன் பின்னால் இருக்கும் பிரேக் பூஸ்டருக்குள் (மிதிக்கும் விசையைப் பெருக்கும் பகுதி) போய்விடும், வெளியே ஒரு சொட்டும் தெரியாது. கிளட்சும் ஹைட்ராலிக்காக இருந்து இதே டப்பாவிலிருந்து ஆயில் எடுக்கும் கார்களில், கிளட்ச் பக்கத்துக் கசிவும் பிரேக் விளக்கை எரிய வைக்கும். காலிப்பர்கள், ஹோஸ்கள், இரும்புக் குழாய்களின் இணைப்புகள் எல்லாவற்றையும் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தோம். எல்லாம் காய்ந்தே இருந்தன. பிறகு பின்சக்கர டிரம்களைக் கழற்றினோம். வலது பக்கம் உலர்ந்த சாம்பல் நிறத் தூசிதான் இருந்தது. இடது பக்கத்தில், பிரேக் ஷூக்களை டிரம்மோடு அழுத்தும் வீல் சிலிண்டருக்கு நேர் கீழே அந்தத் தூசி கறுத்த சேறாகக் குழைந்து தகட்டில் ஒட்டியிருந்தது. சிலிண்டரின் ரப்பர் உறையின் விளிம்பை மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் சற்று நெம்பியதும், உள்ளே தேங்கியிருந்த ஆயில் பழுப்பு நிறத்தில் திரண்டு வழிந்தது. ரப்பர் உறையே அதுவரை கசிவைப் பிடித்து வைத்திருந்ததால்தான் சக்கரத்தின் வெளிப்புறத்தில் ஈரத்தின் சுவடே இல்லை.

முன்சக்கர இழுவையுள்ள பல கார்களில் பிரேக் அமைப்பு குறுக்காக இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பின் இடது சக்கரமும் முன் வலது சக்கரமும் ஒரே வழியில் வரும். அந்தச் சிலிண்டர் முழுதாகக் கைவிட்டிருந்தால், இறக்கத்தில் பாதி பிரேக்தான் மிஞ்சியிருக்கும். சாக்கெட்டைக் கழற்றிவிடச் சொன்ன யோசனை எவ்வளவு ஆபத்தானது என்பதை இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது.

பின்சக்கரங்கள் இரண்டுக்கும் புது சிலிண்டர்களைப் போட்டோம். பிரேக் ஷூவின் மேல் இருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் ஆயிலில் ஊறிவிட்டால், அதை எவ்வளவு துடைத்தாலும் பழைய பிடிப்பு வராது. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் ஒரு பக்கமாக இழுக்கும் என்பதால் இரண்டு பக்க பிரேக் ஷூக்களையும் சேர்த்தே மாற்றினோம். ஆயிலையும் முழுதாக மாற்றி, நான்கு சக்கரங்களிலும் ஏர் எடுத்தோம், அதாவது குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றினோம். டாட் 4 வகை ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிய பிறகு அதற்கான வரம்பு 155 டிகிரிதான். ஆயில் சூட்டில் கொதித்தால் பிரேக் பிடிக்காமல் போய்விடும் என்பதால், மலை இறக்கத்தில் ஓடும் காருக்கு இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. அதனால்தான் திறந்து பல மாதம் ஆன பாட்டிலிலிருந்து ஊற்ற நான் சம்மதிக்கவில்லை.

வேலை முடிந்ததும் மிதவையையும் சோதித்துவிட்டோம். எங்கள் காரில் அது டப்பாவின் மூடியோடு சேர்ந்தே இருக்கிறது. சாவியைத் திருப்பி, ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டு, மூடியைத் திறந்து மேலே தூக்கினால் மிதவை கீழே தொங்கும், விளக்கு எரிய வேண்டும், எரிந்தது. பிறகு ஆயில் மட்டத்துக்கு நேராக டப்பாவின் வெளியே ஒரு துண்டு டேப் ஒட்டியிருக்கிறேன். சில வாரங்களுக்கு ஒருமுறை, கார் சமதரையில் நின்று குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில், அதைப் பார்த்துக்கொள்கிறேன். மட்டம் இதுவரை டேப்பை விட்டு இறங்கவில்லை.