விளையாட்டு வழியே ஜப்பானிய எழுத்து: கத்தகானாதான் முதல் வாசல்

ஜப்பானியத்தில் ஒரே ஓசைகளுக்கு இரண்டு எழுத்துவரிசை: பெரும்பாலும் சொந்தச் சொற்களுக்கு ஹிரகானா, ஆங்கிலம் போன்ற மொழிகளிலிருந்து வந்த சொற்களுக்குக் கத்தகானா. பாடநூல்கள் ஹிரகானாவில் ஆரம்பிக்கும். கேம் விளையாடிப் படிக்கிறவர்கள் கத்தகானாவை முதலில் பிடிப்பது நல்லது. மெனுவில் இருப்பதில் பெரும்பகுதி அதுதான்: சேவ் என்பது 'சேபு', லோட் 'ரோடோ', ஆப்ஷன் 'ஒபுஷொன்'. 46 எழுத்தைக் கூட்டத் தெரிந்தால் அகராதி இல்லாமலே பொருள் விளங்கிவிடும். புதிதாகத் தொடங்க 'ஹஜிமே கரா', விட்ட இடத்திலிருந்து தொடர 'ட்சுஸுகி கரா' என்று சில ஆர்பிஜி (கதாபாத்திரமாக நின்று ஆடும்) விளையாட்டுகளில் ஹிரகானாவில் வரும். அந்த இரண்டையும் உருப்போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாரும் தடுக்கி விழும் இடம், ஒன்றுபோலத் தெரியும் ஷி (シ), ட்சு (ツ), ஸோ (ソ), ன் (ン). ஷி, ன் இரண்டிலும் சிறு கோடு இடது ஓரமாக நிற்கும், கடைசிக் கோடு கீழிருந்து மேலே ஏறும். ட்சு, ஸோ இரண்டிலும் சிறு கோடு மேல் ஓரமாக நிற்கும், கடைசிக் கோடு மேலிருந்து கீழே இறங்கும். கண்ணால் மட்டும் பார்த்தால் இது பிடிபடாது, கையால் எழுத வேண்டும். சீனப் பள்ளிப் பிள்ளைகள் எழுதிப் பழகும் கட்டம் போட்ட நோட்டு மலேசியாவில் எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும்; அதுவே போதும்.

தமிழருக்கு இதில் ஒரு சலுகை உண்டு. அ, இ, உ, எ, ஒ; பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்ற அவர்கள் எழுத்து வரிசை, பௌத்தத்தோடு போன இந்திய எழுத்துமுறையின் தாக்கம். குறில் நெடிலும் நமக்குப் பழக்கம்: 'ஒபசன்' அத்தை, 'ஒபாசன்' பாட்டி. சிக்கல் க‑வில் வரும். அவர்களுக்கு வல்லோசைக்கும் (ka) மெல்லோசைக்கும் (ga) ஒரே எழுத்துதான், மேலே இரண்டு சிறு கீற்று போட்டால் ஓசை மாறும். தமிழில் குறிப்பெடுத்தால் அந்த வேறுபாடு காணாமல் போகும். ரூமியில் (மலாய் எழுதும் ரோமன் எழுத்தில்) எழுதிக்கொள்ளுங்கள், 'எ' மட்டும் எப்போதும் மலாய் 'மேஜா'வில் வருகிற ஓசை, 'எமாஸ்' ஓசை அல்ல.

பழைய விளையாட்டு எளிது என்று நினைக்காதீர்கள். 1986‑இல் வந்த டிராகன் குவெஸ்ட் 64 கிலோபைட்டில் அடங்க வேண்டியிருந்ததால், அதில் கத்தகானா முழுசாகக்கூட இல்லை. அந்தக் கால விளையாட்டுகளில் எட்டுக்கு எட்டுப் புள்ளியில் வரைந்த எழுத்தில் ஷியும் ட்சுவும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். கான்ஜி (சீனத்திலிருந்து வந்த சொல்லெழுத்து) இல்லாத வாக்கியத்தில் ஒரே ஓசையுள்ள சொற்களைப் பிரித்தறிவதும் கடினம்.

கான்ஜி மேல் ஃபுரிகானா (வாசிப்பைக் காட்டும் சிறு எழுத்து) போட்ட விளையாட்டாகப் பாருங்கள். யோகாய் வாட்ச் அந்த வகை. பட்டனை அழுத்தும்வரை வசனம் காத்திருக்க வேண்டும்; குரலோடு தானே ஓடும் வசனம் படிக்க உதவாது. போக்கிமான் எக்ஸ், வொய் (2013) முதல் எந்த நாட்டுப் பிரதியிலும் ஜப்பானிய மொழி உண்டு. ஆனால் தொடக்கத்தில் தேர்ந்ததை நடுவில் மாற்ற முடியாது, சேவ் கோப்பை அழித்துத்தான் மாற்றலாம்.

கோலாலம்பூரில் மின்னணுக் கடைகள் நிறைந்த லோ யாட் பக்கம் பழைய கருவி தேடுகிறவர்கள் கவனிக்க: நிண்டெண்டோவின் 3டிஎஸ் கருவியில் பகுதிப் பூட்டு உள்ளது, ஜப்பானியக் கேட்ரிட்ஜுக்கு ஜப்பானியக் கருவியே வேண்டும். அதற்குப் பின் வந்த ஸ்விட்ச் கருவியில் அந்தத் தொல்லை இல்லை. ஸ்டீம் என்ற இணையக் கடையில் கணினி விளையாட்டு வாங்குமுன் மொழிப் பட்டியலில் ஜப்பானியத்துக்கு நேரே 'இன்டர்ஃபேஸ்' டிக் இருக்கிறதா பாருங்கள். குரலுக்கு மட்டும் டிக் இருந்தால் திரையில் எழுத்து வராது.