குமானோ கோடோ: திட்டத்தைக் கடைசி நாளிலிருந்து தொடங்குங்கள்

ஜப்பானின் கீ தீபகற்ப மலைகளுக்குள் ஓடும் குமானோ கோடோ, ஆயிரம் ஆண்டுக்கு மேலாக மக்கள் கோயில் தேடி நடந்த பாதை. 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதன் நாகஹேச்சி தடத்தை வழிகாட்டி இல்லாமலேயே நான்கைந்து நாளில் நடந்துவிடலாம். வழி தவற நினைத்தாலும் தவறுவது கஷ்டம். 500 மீட்டருக்கு ஒன்றாக எண் போட்ட கம்பம் நிற்கும். தகிஜிரியில் 1, ஹோங்கு கோயிலில் 75. பாதை பிரியும் இடத்தில் தவறான பக்கம் ‘இது குமானோ கோடோ அல்ல’ என்றே பலகை வைத்திருக்கிறார்கள்.

சிக்கல் வருவது தங்குமிடத்தில். வழியோர ஊர்கள் மிகச் சின்னவை. கொகுச்சியில் விடுதிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்; கடைசி நாள் ஏற்றத்துக்கு முன் தங்க ஏற்ற ஊரும் அதுதான். எனவே ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் போகிறவர்கள் விமான டிக்கெட்டுக்கு முன்பே கொகுச்சி அறையைப் பிடித்துவிடுங்கள். அந்தத் தேதியை வைத்து மற்ற இரவுகளைப் பின்னோக்கி நிரப்பிக்கொள்ளலாம். ஜூன், ஜூலை தொடக்கம் மழைக்காலம். ஆகஸ்ட், செப்டம்பர் சூறாவளிக்காலம்.

தூரங்கள் இப்படி: தகிஜிரி – சிகட்சுயு 13 கி.மீ., சிகட்சுயு – ஹோங்கு 25 கி.மீ. அங்கிருந்து உகேகாவாவுக்கு பஸ்ஸில் போய், கொகுச்சிக்கு 13 கி.மீ.; கொகுச்சியிலிருந்து பயணம் முடியும் நாச்சிக்கு 14.5 கி.மீ. 25 கி.மீ. அதிகம் என்று தோன்றினால் ஹொஷின்மோன்-ஓஜி என்ற வழியோரச் சின்னக் கோயில் வரை பஸ்ஸில் போய், கடைசி 7 கி.மீ. மட்டும் கிராமங்களின் வழியே நடக்கலாம். அதில் குறை ஒன்றுமில்லை.

கிலோமீட்டரை மட்டும் பார்த்து ஏமாறும் இடம் கடைசி நாள். கொகுச்சியிலிருந்து ஏறிக் கடக்க வேண்டிய எச்சிசென் கணவாய், கடல்மட்டத்திலிருந்து 870 மீட்டர் உயரம். அதற்குள் தோகிரி-சாகா என்ற ஏற்றம் வருகிறது. ‘உடலை முறிக்கும் ஏற்றம்’ என்று பொருள். கல்படிகள் ஒரே உயரத்தில் இல்லை, பாசி படிந்தவை. மழை பெய்தால் சாய்ந்த கல்லில் கால் வைக்காதீர்கள். கல்லுக்கும் மண்ணுக்கும் இடையில் வையுங்கள். ஊன்றுகோல் இரண்டு வேண்டும், முனையில் ரப்பர் உறையோடு. மேலே ஏறுவதைவிட நாச்சிக்கு இறங்குவதில்தான் முழங்காலும் கால்நகமும் அடிபடும். அதனால் ஷூ அரை சைஸ் பெரிதாக, ஏற்கெனவே நடந்து பழகியதாக இருக்கட்டும். இறங்கும் முன் கணுக்கால் பக்கம் லேஸை இறுக்கிக் கட்டுங்கள். பருத்திச் சாக்ஸ் ஈரத்தை விடாது, கொப்புளம் நிச்சயம். கம்பளிச் சாக்ஸ் நல்லது.

காலை ஏழு மணிக்குக் கிளம்பிவிடுங்கள். அடர்ந்த சீடர் என்ற ஊசியிலை மரங்களுக்குள் சூரியன் மறைவதற்கு வெகு முன்பே இருட்டிவிடும். வழியில் சாப்பாட்டுக் கடை பெரும்பாலும் கிடையாது. மதிய உணவுப் பொட்டலத்தை விடுதியில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ‘காய்கறி மட்டும்’ என்று சொன்னால் போதாது. மிசோ சூப்பிலும் வேகவைத்த காய்கறியிலும் தாஷி என்ற சாறு சேரும்; அது பெரும்பாலும் காய்ந்த மீன் சீவலில் எடுத்தது. அறை பதியும்போதே ‘தாஷியிலும் மீன் வேண்டாம்’ என்று எழுதிவிடுங்கள். அன்று மாலை போய்ச் சொன்னால், எவ்வளவு மனம் இருந்தாலும் அவர்களால் மாற்ற முடியாது. வெறும் சோறு எப்போதும் உண்டு. ஒரு சின்ன டப்பா பருப்புப்பொடி பெரிய துணை.

மலை பஸ்ஸில் பின்கதவு வழியாக ஏறி, அங்கே எண் அச்சான சீட்டை உருவிக்கொள்ள வேண்டும். முன்னால் உள்ள பலகையில் அந்த எண்ணுக்கு நேராகத் தெரியும் கட்டணத்தை, இறங்கும்போது சில்லறையாகப் பெட்டியில் போடுங்கள். சில்லறை மாற்ற 1,000 யென் தாள்கள் நிறைய வைத்திருங்கள். பெரிய பையை அடுத்த விடுதிக்கு அனுப்பும் லக்கேஜ் சேவை உண்டு. தோளில் 5 கிலோவுக்கு மேல் வேண்டாம்.

நாச்சியில் 133 மீட்டர் அருவியைப் பார்த்ததும் பஸ் ஏறிவிடாதீர்கள். தைமோன்-சாகா படிகள் வழியே கீழே நடந்து வாருங்கள். இருபுறமும் பல நூற்றாண்டு கண்ட சீடர் மரங்கள். படி முடிந்த சிறிது தூரத்திலேயே பஸ் நிறுத்தம்.