நுரையில் தொங்கும் ஊதா நத்தை

பலத்த காற்றடித்த இரவுக்கு மறுநாள் காலை, கோவளம் கடற்கரையில் காசளவு நீலப் பொத்தான்கள் நூற்றுக்கணக்கில் ஒதுங்கிக் கிடந்தன. போர்ப்பிட்டா எனும் மிதக்கும் உயிர்கள் அவை. அவற்றின் நடுவே கட்டைவிரல் நகமளவில் ஓர் ஊதா நத்தை. ஜாந்தினா! பல வருடமாகத் தேடியது. கை நடுங்கிவிட்டது.

ஓடு காகிதம்போல் மெலிது. ஓட்டின் திறப்பில் நுரைக்கொத்து அப்படியே ஒட்டியிருந்தது. அந்த நுரைதான் அதன் தெப்பம். பாதத்தால் காற்றைப் பிடித்து, சளியில் பொதிந்து, குமிழி குமிழியாகத் தானே கட்டிக்கொள்கிறது. அதில் தலைகீழாகத் தொங்கியபடியே ஆயுள் முழுக்க நடுக்கடலில் அலைகிறது. கண் கிடையாது, நீந்தவும் தெரியாது. தெப்பம் கழன்றால் மூழ்கிச் சாகவேண்டியதுதான். காற்று எந்த நீலப் பொத்தான் கூட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறதோ, அதுவே உணவு.

நிறத்தைப் பாருங்கள்: மேலே பார்த்திருக்கும் அடிப்பக்கம் கரு ஊதா, ஆழத்தைப் பார்த்திருக்கும் கூம்பு வெளிறியது. பறவைக்கும் தெரியாது, கீழிருந்து வரும் மீனுக்கும் தெரியாது. அப்புறம், எல்லா ஜாந்தினாவும் முதலில் ஆண், வளர்ந்தபின் பெண்.

விரலில் ஒட்டிய ஊதாச் சாயத்தை மதியம் வரை கழுவ மனம் வரவில்லை.