ஆம்னியின் முன்பக்கச் சத்தம்: ஐடிஐ செய்முறைத் தேர்வில் நான் பார்த்த விதம்

மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள் டிரேடில் இரண்டு வருடம் படித்து, செய்முறைத் தேர்வுக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தியரியில் 33 சதவீதம் போதும். செய்முறையில் 60 வேண்டும். அதனால் வேலூரில் எங்கள் செட்டில் எல்லோருக்கும் பயம் செய்முறையில்தான். எனக்கு வந்தது ஒரு பழைய மாருதி ஆம்னி. "முன்னாடி சத்தம் வருது, என்னன்னு பாரு." அவ்வளவுதான் சொன்னார்கள்.

அதற்கு ஆறு மாதம் முன்னால், சத்துவாச்சாரியில் ஒரு பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். காட்பாடி ஜங்ஷனிலிருந்து சிஎம்சிக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் ஆம்னி ஒன்று வந்தது. முன்பக்கம் பள்ளத்தில் இறங்கினால் 'டொக்'. கேட்டவுடனே ஷாக் (குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பர்) போய்விட்டது என்று சொன்னேன். இரண்டு பக்கமும் மாற்றினோம். வெளியே போய் முதல் ஸ்பீடு பிரேக்கரில் ஏறியதும் அதே 'டொக்'. மாஸ்டர் வந்து அடியில் லிவர் போட்டு நெம்பினார். லோயர் ஆர்ம் (வீலைக் கீழே தாங்கும் கை) புஷ், அதாவது அது பாடியோடு சேரும் இடத்து ரப்பர், கிழிந்து கிடந்தது. டிரைவர் அண்ணன் என்னைத் திட்டவில்லை. "நாலு நாள் ஓட்டின காசு தம்பி" என்றார். அந்த வார்த்தை இன்னும் காதிலேயே நிற்கிறது.

சத்தத்தைக் கேட்டதும் பார்ட் பெயரைச் சொல்கிற பழக்கத்தை அன்றோடு விட்டேன். சத்தம் தகடு வழியாக ஓடும். இடது வீலில் கிளம்பியது டிரைவர் காலடியில் கேட்கும். எந்த ஜாயிண்டில் ஆட்டம் இருக்கிறது என்பதைக் கைதான் சொல்லும்.

தேர்வில் முதலில் கேள்விதான் கேட்டேன். பள்ளத்திலா, திருப்பும்போதா, பிரேக் போடும்போதா? அப்புறம் சீட்டுக்கு அடியில் கிடந்த ஜாக்கி, டூல்ஸ் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, மைதானத்தில் மெதுவாக ஓட்டினேன். வலது வீலை மட்டும் மேட்டில் ஏற்றினால் சத்தம் இல்லை. இடதை ஏற்றினால் 'டொக்'. பிரேக்கை லேசாக மிதித்தபடி இன்னொரு முறை ஏற்றினேன். சத்தம் நின்றிருந்தால் பிரேக் பேட், காலிப்பர் பக்கம் பார்த்திருப்பேன். நிற்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். திருப்பும்போது 'கடக் கடக்' என்றால் சிவி ஜாயிண்ட் (டிரைவ் ஷாஃப்ட்டை வீலோடு சேர்க்கும் வளையும் இணைப்பு) என்று நோட்ஸில் எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். ஆம்னி பின்சக்கர டிரைவ். முன்வீலுக்கு டிரைவ் ஷாஃப்ட்டே கிடையாது. என்னோடு படித்த ஒருவன் ஷீட்டில் சிவி ஜாயிண்ட் என்று எழுதிவிட்டான். அவனுடைய வைவா (வாய்மொழித் தேர்வு) முழுக்க அதிலேயே போனது. நல்ல வேலைக்காரன் அவன், எனக்கு மனசே ஆறவில்லை. எந்த டிரைவ், என்ன சஸ்பென்ஷன் என்பதை ஷீட்டின் முதல் வரியிலேயே எழுதுங்கள். ஆம்னிக்கு முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண்), பின்னால் லீஃப் ஸ்பிரிங்.

பிறகு வண்டியின் மூலையை அமுக்கி விட்டேன். ஒரு துள்ளலில் நின்றது, அப்படியென்றால் ஷாக் பிடிக்கிறது. ஸ்ட்ரட்டில் ஆயில் கசிவு இல்லை. உதவிக்கு வந்தவரை ஸ்டியரிங் திருப்பச் சொல்லி, காயில் ஸ்பிரிங்கின் வெளிப்பக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். மேல் மவுண்ட் பேரிங் பிடித்துக்கொண்டால் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு 'டங்' என்று விடுபடுவது கையில் தெரியும். இதில் சீராகத் திரும்பியது.

ஜாக்கி போட்டு, ஸ்டாண்ட் வைத்து, இடது வீலை ஒன்பது மணி, மூன்று மணி இடத்தில் பிடித்து ஆட்டினேன். டை ராட் எண்டில் (ஸ்டியரிங்கை வீலோடு சேர்க்கும் முனை) ஆட்டம் இல்லை. பன்னிரண்டும் ஆறும் பிடித்தபோது லேசாக அசைந்தது. இது வீல் பேரிங்காகவும் இருக்கலாம், லோயர் ஆர்மை நக்கிளோடு (வீலைத் தாங்கும் இரும்பு) சேர்க்கும் பால் ஜாயிண்டாகவும் இருக்கலாம். பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினேன். பேரிங் என்றால் ஆட்டம் அடங்கிவிடும். அடங்கவில்லை. டயருக்கு அடியில் லிவர் கொடுத்து மெல்லத் தூக்கி, இடது கை ஆள்காட்டி விரலைப் பால் ஜாயிண்டும் நக்கிளும் சேரும் இடத்தில் குறுக்கே வைத்தேன். முடியளவு விலகி மறுபடி உட்கார்ந்தது, விரலுக்கு அடியில் 'டிக்' என்று. டார்ச் அடித்தால் ரப்பர் பூட் வெடித்திருக்கிறது. நம் ஊர் வெயிலுக்கு ரப்பர் எத்தனை நாள் தாங்கும்? கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் மண் கலந்த கறுப்புக் களிம்பு. அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டேன்.

தேர்வாளர் கேட்டது: "ஷாக்கை ஏன் சொல்லலை?" செய்த சோதனைகளை வரிசையாகச் சொன்னேன். அடுத்து, "இதே சந்தேகம் இன்னோவாவில் வந்தா ஜாக்கி எங்க வைப்ப?" ஆம்னியில் எடை ஸ்ட்ரட் வழியாக பாடிக்குப் போகிறது. அதனால் பாடியில் ஜாக்கி கொடுத்து வீலைத் தொங்கவிடலாம். ஹைகிராஸ் தவிர்த்த இன்னோவா டபுள் விஷ்போன் (மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஆர்ம்), ஸ்பிரிங் லோயர் ஆர்ம் மேல் உட்கார்ந்திருக்கிறது. பாடியைத் தூக்கினால் ஸ்பிரிங் ஆர்மைக் கீழே தள்ளி ஜாயிண்டை இறுக்கிப் பிடிக்கும், ஆட்டம் மறைந்துவிடும். அதனால் லோயர் ஆர்முக்கு அடியில்தான் ஜாக்கி. இந்தக் கேள்வியைக் கட்டாயம் படித்துப் போங்கள்.

கடைசிக் கேள்வி புஷ் பற்றி: "ஆர்ம் போல்ட்டை எப்போ ஃபைனல் டைட் பண்ணுவ?" அந்த டிரைவர் அண்ணன் ஆம்னிக்குப் புஷ் மாற்றிய அன்று, மாஸ்டர் போல்ட்டைக் கையளவு மட்டும் முறுக்கிவிட்டு வண்டியைத் தரையில் இறக்கச் சொன்னார். இறக்கிய பிறகு, இடுக்கில் படுத்துக்கொண்டு முழுசாக முறுக்கினார். தூக்கி வைத்திருக்கும்போதே சுலபமாக முடிந்திருக்குமே என்று அன்று நினைத்தேன். வீல் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். "வண்டி தன் எடையில் உட்கார்ந்த பிறகு சார்" என்றேன். தலையாட்டிவிட்டு ஷீட்டை வாங்கிக்கொண்டார்.