சீமெந்துத் தரையில் பழகிய கால்கள்

நம் கல்லூரி மண்டபத்தில் நடந்த கராத்தே வகுப்பில் முதல் மாதம் முழுவதும் கால்தான். குத்தப் பழகலாம் என்று வந்த பிள்ளைகளின் முகம் வாடிவிடும். மாஸ்டர் இரங்கமாட்டார். "முதல் காலைப் பாருங்கோ, கையைப் பிறகு பாப்பம்" என்பார். பல பத்தாண்டுகள் பிள்ளைகளைப் பழக்கிய அவர் கடைசிவரை சொன்னதும் அதையேதான். இன்று கனடாவிலும் இங்கிலாந்திலும் சமூக நிலையங்களை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து வகுப்பு நடத்தும் நம்மவர்களுக்கு உதவும் என்பதால், அவர் திருத்திய பிழைகளை இங்கே எழுதிவைக்கிறேன்.

சென்குத்சு தாச்சி என்னும் முன்னிலைக்கு, அதாவது முன்காலை மடித்துப் பின்காலை நீட்டி நிற்கும் நிலைக்கு, அவர் தரையில் சோக்கால் தோளகல இடைவெளியில் இரண்டு நேர்கோடுகள் கீறுவார். இடக்கால் இடக்கோட்டில், வலக்கால் வலக்கோட்டில். முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே தோளகலத்தின் ஏறக்குறைய இருமடங்கு நீளம். முன்முழந்தாளிலிருந்து மேசன்மாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் அது பெருவிரலுக்குப் பக்கத்தில் விழ வேண்டும். பாரம் முன்னால் அறுபது பங்கு, பின்னால் நாற்பது.

பத்துப் பிள்ளைகளில் ஏழெட்டுப் பேர் இரண்டு காலையும் ஒரே கோட்டில் வைத்துவிடுவார்கள். முன்னாலிருந்து தள்ளினால் அசையமாட்டார்கள். இடுப்பில் பக்கவாட்டாக ஒரு விரலால் தள்ளினாலே சரிந்துவிடுவார்கள். அடுத்த பிழை பின்பாதம். அது முழுதாகப் பக்கவாட்டில் திரும்பி நின்றால் இடுப்பு முன்னால் வராது. இடுப்பு வராத குத்தில் தோளின் பலம் மட்டுமே இருக்கும். குதிக்கால் கிளம்பினாலும் இதே கதை. எல்லாவற்றிலும் அவர் பயந்தது முன்முழந்தாள் உள்ளே மடிவதற்கு. நிலை கெடுவது அப்புறம், முதலில் முழந்தாளின் உட்பக்கத் தசைநார் இழுபடும். வளரும் பிள்ளைக்கு அது ஆண்டுக்கணக்கில் நோவு. ஆகவே நிலையை ஆழமாக்கச் சொல்லுமுன் முழந்தாளைச் சின்னிவிரல் பக்கமாக மெல்லத் தள்ளிப் பிடிக்கச் சொல்லுவார்.

முட்டி பிடிப்பதை ஒரே நாளில் முடித்துவிடலாம். நான்கு விரல்களும் இறுக மடிந்தபின் கட்டைவிரல் வெளியே, சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் மேலே. உள்ளே வைத்துக் குத்தினால் கட்டைவிரல் உடையும். மணிக்கட்டு நேராக, படுவது முதல் இரண்டு விரல்களின் மொழிகள். காற்றில் குத்தும்போது முழங்கையை அடித்து நிமிர்த்த விடமாட்டார். எதிரே தடுக்க ஒன்றும் இல்லாததால் அந்த அடி முழுவதும் மூட்டுக்குள்தான் இறங்கும்.

அவர் அதிக நேரம் செலவிட்டது ஹெயான் ஷோடான் காட்டாவில். காட்டா என்றால் எதிராளி இல்லாமல் வரிசையாகச் செய்யும் அசைவுத் தொடர். 21 அசைவுகள். ஒன்பதாவதிலும் பதினேழாவதிலும் கியாய் முழக்கம். தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டும் என்பது விதி. மாஸ்டர் தொடங்கும் இடத்தில் சோக்கால் ஒரு புள்ளி வைப்பார். முடிவில் பிள்ளை அந்தப் புள்ளியைக் குனிந்து பார்க்கும். பெரும்பாலும் ஒரு முழமாவது தள்ளி நிற்கும். எங்கே தவறியது என்று அந்த இடைவெளியை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். நான்காவது அசைவில் வலக்காலைப் பாதி உள்ளே இழுத்துச் சுத்தியல்போல முட்டியை இறக்கி மறுபடி காலை முன்வைக்கிறோம். இழுத்த அளவுக்கு மறுபடி வைக்காவிட்டால் காட்டா ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். திரும்பும் இடங்கள் இன்னும் மோசம். மூன்றாவது அசைவின் 180 பாகைத் திருப்பத்தில் வலக்கால் வெறுமனே பின்னால் போனால் போதாது. மற்றக் காலைக் கடந்து அப்பால் போய்த்தான் ஊன்ற வேண்டும். கடக்காதவர் மீண்டும் ஒரே கோட்டில் நிற்பார். சோக்குக் கோடுகளை மறக்காத பிள்ளைக்கு இது தானாகவே விளங்கும்.

ஒருவர் ஐந்து அடி முன்வந்து தாக்க மற்றவர் தடுக்கும் ஐந்தடிக் குமித்தேயில் தாக்குபவரைத்தான் அவர் அதிகம் கண்டிப்பார். நண்பனுக்கு நோகக்கூடாதென்று தாக்குபவர் ஒரு சாண் முன்பே குத்தை நிறுத்திவிடுவார். தடுக்காமல் நின்றாலும் படாத குத்து அது. அதைத் தடுத்துப் பழகியவர் தூரத்தைப் பிழையாகக் கற்றுக்கொள்கிறார். குத்து உண்மையாகவே சென்றடையும் தூரத்தில் தொடங்க வேண்டும், வேகத்தை மட்டும் குறைக்கலாம். பெரியவர்களும் சிறுவர்களும் ஒன்றாகப் பழகும் சமூக வகுப்புகளில் இதை விட்டுவிடவே கூடாது. உயரம் குறைந்தவரின் காலடியை வைத்தே தூரத்தை முடிவு செய்யுங்கள்.

தரத்தைக் காட்டும் இடுப்புப் பட்டி கேட்டு வரும் பெற்றோருக்கு அவர் பொறுமையாகச் சரித்திரம் சொல்லுவார். ஒக்கினாவாவில் இத்தொசு ஆங்கோ பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காகவே பினான் என்ற ஐந்து காட்டாக்களை அமைத்தார். கராத்தேயின் பயனை விளக்கி 1908 இல் பத்து அம்சக் கடிதம் எழுதினார். அவரிடம் கற்ற ஃபுனகோஷி கிச்சினும் பள்ளி ஆசிரியர். 1922 இல் டோக்கியோவில் கராத்தேயைச் செய்து காட்டியவர். பினானுக்கு ஹெயான் என்று பெயர் மாற்றியவரும் அவரே. நிறப் பட்டி ஜூடோவிலிருந்து பின்னால் வந்தது. ஃபுனகோஷி முதல் கறுப்புப் பட்டிகளைக் கொடுத்தது 1924 இல்தான். கராத்தே அதற்கு வெகுமுன்பே இருந்தது. என் அபிப்பிராயத்தில், மூன்று மாதத்துக்கொரு பட்டி என்று கட்டணத்தோடு அட்டவணை போடும் வகுப்புகள் பிள்ளைக்குக் கேடு செய்கின்றன. ஹெயான் ஷோடான் புள்ளியில் வந்து முடியாத பிள்ளைக்கு அடுத்த காட்டாவைக் கொடுத்தால் அதே பிழையை அதிலும் கொண்டுபோகும்.

குத்திப் பழகும் மக்கிவாராப் பலகையை அவர் சிறுவர்களைத் தொடவிட்டதில்லை. விரல் எலும்புகள் வளர்ந்து முடியவில்லை என்பது காரணம். உடல் சூடேறுமுன் காலை அகட்டி இழுத்துப் பிடிக்கவும் விடமாட்டார். அந்த நீட்டல்கள் வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்துக்கு.

வகுப்பு முடிந்ததும் எல்லோரும் மண்டியிட்டு டோஜோ குன் என்னும் வகுப்பு ஒழுக்க விதிகளைச் சொல்லுவார்கள். ஐந்து வரிகளும் 'ஹிதோட்சு' என்றே தொடங்கும். ஒன்று என்று பொருள். இரண்டு, மூன்று என்று எண்ணுவதில்லை, ஏனென்றால் ஐந்தில் ஒன்றும் மற்றதற்குக் கீழானதில்லை. முதல் வரியை மூத்தவர் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்லுவார்கள்.

தரை துடைப்பதும் மூத்தவர்களின் வேலையே. இழைத்த சீமெந்தில் மெல்லிய புழுதி படிந்தால் வெறுங்கால் வழுக்கும். வியர்வை சொட்டினால் இன்னும் வழுக்கும். வகுப்புக்கு முன் ஈரத்துணியைப் பிழிந்து ஒரு தடவை, பிறகு காய்ந்த துணியால் ஒரு தடவை. வாடகை மண்டபங்களின் மெழுகு பூசிய மரத்தரைக்கு ஈரத்துணியை இன்னும் நன்றாகப் பிழிய வேண்டும், ஒரு துளி நின்றாலும் திருப்பத்தில் கால் போய்விடும்.