5,600 மீட்டர் கோடு

வானிலைத் தரவுகளைப் பகுத்தாயும் பணியில் சேர்ந்த புதிதில், ஆர்க்டிக் சூடாவதால்தான் நடு அட்சரேகைப் பகுதிகளில் வெப்ப அலையும் கடுங்குளிரும் நாள்கணக்கில் நகராமல் நின்றுவிடுகின்றன என்பதை நானே நிறுவிவிட்டதாக நம்பியிருந்தேன். 2012-இல் காலநிலை ஆய்வாளர்கள் ஜெனிஃபர் ஃபிரான்சிசும் ஸ்டீபன் வாவ்ரஸும் முன்வைத்த விளக்கம் அவ்வளவு அழகாக இருந்தது. துருவத்துக்கும் தெற்குக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடுதான், உயர வானில் மேற்கிலிருந்து கிழக்கே விரைந்தோடும் ஜெட் காற்றுக்கு வேகம் தருகிறது. கடற்பனி உருகி, இருண்ட கடல் வெயிலை உறிஞ்சத் தொடங்கியதும் அந்த வேறுபாடு குறைகிறது. காற்று தளர்ந்து, அதன் வளைவுகள் பெரிதாகி, மெதுவாக நகர்கின்றன.

இதைச் சோதிக்க, வானில் காற்றழுத்தம் 500 ஹெக்டோபாஸ்கலாகக் குறையும் பரப்பு 5,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் கோட்டை எடுத்துக்கொண்டு, அது வடக்கிலும் தெற்கிலும் எந்த அட்சரேகை வரை நெளிகிறது என்று நாள்தோறும் கணக்கிட்டேன். நெளிவு கூடிக்கொண்டே வந்தது. வரைபடத்தைப் பார்த்த மூத்த அலுவலர், "கோடு நின்ற இடத்திலேயே நிற்கிறதா?" என்று மட்டும் கேட்டார். நிற்கவில்லை. சூடான காற்று விரிவதால் அந்தப் பரப்பு உயர்ந்து, கோடே வடக்கே நகர்ந்திருந்தது. ஒரே காற்றோட்டத்தை அளப்பதாக எண்ணிக்கொண்டு வெவ்வேறு அட்சரேகைகளின் காற்றை அளந்திருக்கிறேன். அட்சரேகையை நிலையாக வைத்துத் திரும்பக் கணக்கிட்டபோது நெளிவு கூடியதில் பெரும்பகுதி காணாமற்போனது. அளக்கும் முறையே முடிவை மாற்றிவிடும் என்று காலநிலை ஆய்வாளர் எலிசபெத் பார்ன்ஸ் 2013-லேயே எழுதியிருந்தார். அதைப் படிக்காமல் இறங்கியது என் அவசரம்.

ஆர்க்டிக் சூடாவதில் ஐயமே இல்லை. 1979 முதல் அது உலகச் சராசரியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. ஆனால் வேறுபாடு குறைவது பெரும்பாலும் தரையையொட்டித்தான். ஜெட் காற்று வீசும் உயரத்தில் நிலநடுக்கோட்டை ஒட்டிய வெப்பமண்டலப் பகுதியே அதிகம் சூடாவதால் அங்கே வேறுபாடு கூடுகிறது. இந்த இழுபறியில் எந்தப் பக்கம் வெல்லும் என்பது பருவத்துக்குப் பருவம் மாறும்.

2021 ஜனவரியில், ஜெட் காற்றுக்கும் மேலே உள்ள அடுக்கு மண்டலம் திடீரெனச் சூடாகி, அங்கே துருவத்தைச் சுற்றி வீசும் குளிர்காற்றான துருவச் சுழல் குலைந்தது. பிப்ரவரியில் டெக்சாஸ் உறைந்தது. அது குறித்து நான் எழுதிய குறிப்பின் வரைவில் 'காரணம்' என்ற சொல் மூன்று இடங்களில் இருந்தது. கடற்பனிக் குறைவைப் பற்றியதையும் சுழல் குலைந்ததைப் பற்றியதையும் அடித்துவிட்டேன். ஜெட் காற்று தெற்கே வளைந்து குளிர்காற்றை இறக்கியது என்ற வரியில் மட்டும் அச்சொல்லை விட்டுவைத்தேன்.